இருபத்தைந்து டன் அக்கா

சென்ற வாரம் சாப்பாட்டு மேசையில் வெடித்த செய்தியின் புகை இன்னும் அந்த வீட்டை விட்டு வெளியேறவில்லை. மலைத்தொடரைக் குறுக்கே கடந்து, அந்தப் பக்கத்துக் கடலைப் பார்த்துவிட்டு வரப் போகிறேன், தனியாக, என் மோட்டார் சைக்கிளில் என்று கண்ணாடிக்காரி அறிவித்தாள். அப்போது கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்த தம்பி, அன்று அதை மறுபடி எடுக்கவே இல்லை.

கண்ணாடிக்காரி என்பது ஊர் வைத்த பெயர். கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை நடத்துகிறாள். நாற்பதைத் தாண்டியவள். திருமணம் வேண்டாம் என்று இளம் வயதில் ஒரே முறை சொன்னாள். அந்தச் சொல்லைத் திரும்பச் சொல்லவும் இல்லை, திரும்பப் பெறவும் இல்லை. பெற்றோர் விட்டுச் சென்ற வீட்டில் பாதி அவளுடையது, பாதி தம்பியுடையது. ஆனால் அவளைப் பற்றிய கவலை முழுவதும் தன் பங்கு என்று தம்பி தானாகவே பத்திரம் எழுதி வைத்துக்கொண்டிருந்தான்.

அவன் சரக்கு லாரி நிறுவனம் ஒன்றில் வண்டிகளை அனுப்பும் பொறுப்பில் இருப்பவன். அவன் மேசைக்கு எதிரே சுவர் அளவுக்கு ஒரு திரை. திரை நிறையப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு லாரி. புள்ளி நகர்ந்தால் அவனுக்கு மூச்சு சீராக வரும். நின்றால் கை தொலைபேசிக்குப் போகும். அந்த வேலையைத்தான் அன்றைய விடுமுறை நாளில் அவன் வீட்டுக்கும் எடுத்து வந்திருந்தான்.

காபிக் கோப்பையோடு வாசலுக்கு வந்த கண்ணாடிக்காரி, தன் வண்டியின் அருகே தம்பி குந்தியிருப்பதைப் பார்த்தாள். வாயில் ஒரு திருகாணி, கையில் திருப்புளி.

"என் வண்டியை என்னடா பண்ற?"

திருகாணியை வாயிலிருந்து எடுத்தான். "வழிகாட்டிக் கருவி அக்கா. ஜிபிஎஸ். ஆபீஸ்ல சொல்லிட்டு எடுத்துட்டு வந்தேன்."

"நான் கேக்கலையே."

"நீ கேக்க மாட்ட. அதான் கேக்காமலே மாட்டிட்டேன்."

கைப்பிடிக்கு நடுவே செங்கல் அகலத்துக்கு ஒரு கறுப்புப் பெட்டி உட்கார்ந்திருந்தது. அதிலிருந்து கிளம்பிய ஒயர், தொட்டிக்குக் கீழே மறைந்து, இருக்கைக்கு அடியில் பேட்டரியில் போய்ச் சேர்ந்தது. வளைவுக்கு வளைவு பட்டை போட்டுக் கட்டியிருந்தான்.

"ஒயரை மட்டும் ஒழுங்கா கட்டியிருக்க. சரி, இது வழி காட்டுறதோட நிறுத்திக்குமா?"

"நீ எங்க இருக்கன்னு நிமிஷத்துக்கு ஒரு தடவ எனக்குச் சொல்லும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா!"

வாசற்படியிலிருந்து சிரிப்பு வந்தது. தம்பியின் மனைவி, வீட்டார் அழைப்பது சின்னவள் என்று. ஏதோ ஒரு நிறுவனத்துக்கு வாடிக்கையாளர் புகார் கேட்கும் வேலை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முன்பின் அறியாத மனிதர்களிடம் நாள் முழுவதும் வீட்டிலிருந்தே மன்னிப்புக் கேட்பவள். அந்தக் கணக்கைச் சமன் செய்யத்தானோ என்னவோ, கணவனிடம் மட்டும் அவள் எதற்கும் மன்னிப்புக் கேட்பதில்லை.

"வேகத்தையும் சொல்லும் அண்ணி. எங்க நின்னீங்க, எவ்வளவு நேரம் நின்னீங்க, எல்லாம் சொல்லும். காபி குடிக்க நின்னீங்களா, கதை பேச நின்னீங்களான்னுதான் அதுக்குத் தெரியாது. அதை உங்க தம்பி போன் போட்டுக் கேட்டுக்குவார்."

"நீ சும்மா இரு. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?"

"ஆகுறதுக்கு முன்னாடியே ஆகிடுச்சுன்னு வெச்சுக்கிறீங்களே, அதுதான் உங்க வியாதி."

அக்கறை என்ற சொல்லின் நிழலில் நம் வீடுகளில் எத்தனை பூட்டுகள் செய்யப்படுகின்றன! பூட்டுகிறவன் கெட்டவனாக இருந்தால் உடைத்து எறிந்துவிடலாம். அவன் நல்லவனாக இருக்கிறான். கண்ணில் நீரோடு பூட்டுகிறான். சாவியை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறான். அங்கேதான் பெண்ணுக்குக் கை தயங்குகிறது. கண்ணாடிக்காரிக்கும் தயங்கியது. பயணம் போவதற்குத் தம்பியின் அனுமதி அவளுக்குத் தேவையில்லை. ஆனால் அவள் இல்லாத நாட்களில் கடையைத் திறந்து வைக்கத் தம்பியும் சின்னவளும் வேண்டும். பூட்டிய கடைக்கு வாடிக்கையாளர்கள் திரும்பி வருவதில்லை. எதிர்ச் சாரியில் புதிதாக ஒரு கண்ணாடிக் கடை பளபளக்கிறது. தம்பி மாட்டேன் என்றால் கடல் இல்லை.

அவன் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான்.

"வம்பு வேண்டாம் அக்கா. இன்னிக்கே சோதிச்சுப் பாத்துடலாம். மலை மேல நீர்த்தேக்கம் இருக்கில்ல, பழைய மலைப்பாதைல அதுவரைக்கும் போயிட்டு வா. நீ போகப் போற வழி பூரா அந்த மாதிரிப் பாதைதான். கருவி உன்னை அதுல கூட்டிட்டுப் போச்சுன்னா, நீ கடலுக்குப் போ. கடையை நான் பாத்துக்கிறேன். கருவியே வேண்டாம்னு சொல்லிடுச்சுன்னா, நீயும் விட்டுடணும்."

"என் கண்ணு சொல்றதைக் கேக்க மாட்ட. பெட்டி சொன்னா கேப்பியா?"

"பெட்டிக்கு ஆசை கிடையாது அக்கா. அதனால பொய் சொல்லாது."

அவள் காபியின் கடைசி மடக்கைக் குடித்தாள். "சரி. வாக்கு மாறக் கூடாது."

"நீயும்தான்."

"நான் சாட்சி," என்றாள் சின்னவள். "ரெண்டு பேர்ல யார் மாறினாலும் ஒரு மாசத்துக்குப் பாத்திரம் அவங்க கழுவணும்."

கிடங்குகளும் பட்டறைகளும் பின்னால் போயின. பெட்டிக்குள்ளிருந்த பெண்குரல், திருப்பத்துக்குத் திருப்பம் பணிவாகப் பேசிக்கொண்டே வந்தது. சாலை மலையடிவாரத்தை அடைந்த இடத்தில் இரண்டாகப் பிரிந்தது. வலப்பக்கம் நெடுஞ்சாலை, அகலமாக, பளிச்சென்று. இடப்பக்கம் பழைய மலைப்பாதை, மரங்களுக்குள் நுழைந்து மேலே ஏறியது.

"வலப்பக்கம் திரும்பவும்," என்றது குரல்.

அவள் இடப்பக்கம் திரும்பினாள்.

"வாய்ப்புள்ள இடத்தில் திரும்பி வரவும்."

கொஞ்சம் ஏறிப் பார்த்தாள். குரல் விடவில்லை. திரையில் அந்தப் பாதை முழுவதும் சிவப்பாக இருந்தது. குறுக்கே தடை அடையாளம். வண்டியை ஓரமாக நிறுத்தினாள். நிறுத்திய மறுகணமே தலைக்கவசத்துக்குள் தொலைபேசி மணி அடித்தது.

"ஏன் நின்னுட்ட?"

"மூச்சு விட."

"கருவி என்ன சொல்லுது? வலது பக்கமா?"

"ஆமா."

"அப்ப இடது பக்கம் போக முடியாதுன்னு அர்த்தம்."

"போக முடியாதா? இப்பதான் ஒரு புருஷனும் பொண்டாட்டியும் நடுவுல கேஸ் சிலிண்டரை வெச்சுக்கிட்டு ஸ்கூட்டர்ல சிரிச்சுக்கிட்டே இறங்கிப் போறாங்க."

"அவங்களுக்குத் தெரியாது அக்கா. மேல ஒரு பாலம் இருக்கு, தாங்காது. எங்க ஓட்டுநர் ஒருத்தர்கூட அந்தப் பக்கம் போறதில்ல."

"சிலிண்டரைத் தாங்குற பாலம் என்னைத் தாங்காதா?"

"நம்ம பேச்சு என்ன? கருவி வேண்டாம்னா வேண்டாம். சொன்ன சொல்லு சொல்லுதானே?"

சொன்ன சொல்லில் நிற்பவள் என்பதுதான் அவளுடைய பெருமை. அந்தப் பெருமையே இன்று அவள் காலைக் கட்டியது. கண்ணெதிரே பாதை இருந்தது. அதில் மனிதர்கள் போனார்கள், வந்தார்கள். ஆனாலும் இல்லை என்று பெட்டி சொல்லிவிட்டது. இல்லை என்றே ஆகிவிட்டது. எதிர்ச் சாரிக் கடையின் விளக்குகள் ஒரு கணம் நினைவில் மின்னின. வண்டியைத் திருப்பினாள்.

நெடுஞ்சாலை ஓரத்தில், நீண்ட தூரம் பைக் ஓட்டுகிறவர்களுக்குத் தேவையானவற்றை விற்கும் கடை ஒன்று இருந்தது. வெளியே வெயிலில் தலைக்கவசங்கள் வரிசையாகக் காய்ந்தன. தோற்று வீடு திரும்புவதைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம் என்றுதான் அங்கே நிறுத்தினாள். கடைக்காரி ஒரு சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள். தலைமுடியைக் காதுக்கு மேலே வெட்டியிருந்தாள். முழங்கை வரைக்கும் கரி.

"பழைய மலைப்பாதைல பாலம் உடைஞ்சு கிடக்கா?"

"யார் சொன்னது? நான் நேத்துதான் போயிட்டு வந்தேன்."

"இந்தப் பெட்டி சொல்லுது."

கடைக்காரி எழுந்து வந்து பார்த்தாள். "இது லாரிக்காரங்க யூனிட் ஆச்சே. உங்ககிட்ட எப்படி வந்தது?" சுண்டுவிரலால் திரையை இரண்டு முறை தட்டினாள். ஒரு பக்கம் திறந்தது. படித்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன?"

"நீங்களே படிங்க."

வாகன விவரம் என்று தலைப்பு. வகை: சரக்கு லாரி. மொத்த எடை: இருபத்தைந்து டன். அதற்குக் கீழே நீளமும் உயரமும் அதே தோரணையில்.

"பாத்தா தெரியலையேம்மா," என்றாள் கடைக்காரி. "உடம்பை நல்லாத்தான் வெச்சிருக்கீங்க."

கண்ணாடிக்காரி சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்துத் தலைக்கவசத்தைக் கழற்றி, கடை வாசல் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பெட்டி பொய் சொல்லவில்லை. இருபத்தைந்து டன் லாரி ஒன்று அந்த ஒற்றைப் பாலத்தில் ஏறலாமா என்று கேட்டிருக்கிறார்கள்; ஏறக் கூடாது என்று அது நேர்மையாகச் சொல்லியிருக்கிறது. கேட்டவன்தான் அக்காவை லாரியாக எழுதிவிட்டான்.

"இதை மோட்டார் சைக்கிள்னு மாத்த முடியுமா?"

"இதுல அப்படி ஒரு வகையே கிடையாது. லாரி, பஸ், வேன். உங்களுக்கு ஏத்த கருவியை நீங்கதான் பாத்து எடுக்கணும். உள்ள வாங்க."

"போன் போதாதா?"

"ஊருக்குள்ள போதும். மலைல டவர் இருக்காது, படம் இறங்காது. வெயில்ல சூடாகி அணைஞ்சு போகும். வண்டி ஆடுற ஆட்டத்துல கேமரா கெட்டுப் போகும். என் போன்ல எடுத்தா என் முகமே எனக்கு அடையாளம் தெரியாது."

மேசையில் கருவிகள் வந்தன. முதலில் வட்டமாக ஒன்று, கைக்கடிகாரத்தைவிடச் சற்றுப் பெரியது. வரைபடம் கிடையாது, போக வேண்டிய திசைக்கு ஓர் அம்புக்குறி மட்டும். அழகாக இருந்தது. மூன்று பாதைகள் பிரியும் காட்டில் அம்பு மட்டும் போதுமா என்று கேட்டாள். போதாது என்று கடைக்காரியே எடுத்து உள்ளே வைத்தாள்.

அடுத்தது கடையிலேயே பெரியது. புத்தகம் போல அகன்ற திரை, வண்ண வண்ணமாக. பாதி மனம் அதிலேயே போய்விட்டது. ஆனால் கண்ணாடிக் கடை நடத்துகிறவளுக்கு ஒரு பழக்கம்: எதையும் நிழலில் பார்த்து வாங்க மாட்டாள். கருவியை வெயிலுக்கு எடுத்துப் போனாள். வண்டி ஓட்டும்போது அணியும் கறுப்புக் கண்ணாடியைப் போட்டாள். திரையைச் செங்குத்தாகத் திருப்பினாள்.

திரை இருண்டு போனது.

படுக்கையாகத் திருப்பினாள்; வந்தது. மீண்டும் செங்குத்தாக; போனது.

"இது கண்கூச்சத்தைத் தடுக்கிற கண்ணாடி," என்றாள். "ஒரு திசையில ஆடுற வெளிச்சத்தை வெட்டிடும். செங்குத்தா வெச்சா இந்தத் திரையோட வெளிச்சமும் அதே திசையில ஆடுது. செங்குத்தா வெச்சாதான் முன்னாடி வர்ற வழி நீளமாத் தெரியும், அதுக்கு நான் கண்ணாடியைக் கழட்டணும். கண்ணாடியைக் கழட்டினா வெயில் கூச்சத்துல ரோடு தெரியாது."

"அடக் கடவுளே! போன மாசம் ஒருத்தர் வந்து, திரை செத்துப்போன கருவியை நான் வித்துட்டேன்னு கத்திட்டுப் போனாரே! நானும் சளைக்காம பதிலுக்குக் கத்தினேனே!"

கடைசியாக வந்தது, சோப்புக் கட்டி போலத் தடித்த ஒன்று. திரை சிறிது, ஓரத்தில் பொத்தான்கள். கையுறையோடு அழுத்தினாள், கேட்டது. குழாயடியில் தண்ணீர் தெளித்து அழுத்தினாள், அப்போதும் கேட்டது. கறுப்புக் கண்ணாடியோடு எந்தப் பக்கம் திருப்பினாலும் எழுத்து நின்றது. எழுத்தைப் பெரிதாக்கவும் முடிந்தது. நாற்பதைத் தாண்டினால் கிட்டத்து எழுத்து எப்படி மங்கும் என்று அவளுக்குத் தெரியாதா?

"நீங்க வீட்டுல உக்காந்து போட்ட பாதையை அப்படியே வெச்சுக்கும்," என்றாள் கடைக்காரி. "நீங்க விலகினா, வேற வழி பாக்கட்டுமான்னு கேக்கும். தானா மாத்தாது. டவர் இல்லாத இடத்துலயும் செயற்கைக்கோள் வழியா செய்தி போகும், பதில் வரும். ஆபத்துன்னா இந்த மூடியைத் தூக்கிட்டு அழுத்தணும்."

"நான் எங்க இருக்கேன்னு தானா யார்கிட்டயாவது சொல்லுமா?"

"சொல்லச் சொன்னா சொல்லும். சொல்லாதன்னா வாயைத் திறக்காது."

"இதைக் கட்டுங்க," என்றாள் கண்ணாடிக்காரி.

பழைய பெட்டியை ஒயரிலிருந்து உருவிப் பைக்குள் போட்டார்கள். அதிர்வைத் தாங்கும் ரப்பர்த் தாங்கியில் புதிய கருவி ஏறியது. வாகன விவரம் கேட்டபோது, மோட்டார் சைக்கிள் என்று அவளே தன் விரலால் பதிந்தாள். பிறகு மலைப்பாதையில் ஏறினாள். பாதை திரையில் பச்சையாக ஓடியது. பாலம் வந்தது. ஓடையின் மேல் இரண்டு ஆள் அகலத்துக்கு ஒரு கற்பாலம். அதன்மேல் ஒரு நாய் படுத்திருந்தது. நாய் எழுந்து வழிவிட்டது. நீர்த்தேக்கத்தின் கரையில் வண்டியை நிறுத்தினாள். தொலைபேசி அடிக்கவில்லை. ஏன் நின்றாய் என்று கேட்க உலகத்தில் யாரும் இல்லை. அந்த அமைதியில் வேண்டிய மட்டும் நின்றாள்.

திரும்பி வந்தபோது வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு தம்பி நின்றிருந்தான். முகத்தில் இரத்தமே இல்லை.

"புள்ளி காணாம போச்சு அக்கா."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பெட்டியை உருவியபோது அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லத் தவறிவிட்டாள். மலையில் தொலைபேசியும் எட்டியிருக்காது.

"பள்ளத்துல விழுந்துட்டன்னு நெனச்சேன். ரெண்டு லாரியை வேற அந்தப் பக்கமா தேடச் சொல்லி அனுப்பிட்டேன்."

"பாலத்துக்கு மேலயா?"

"அதுக்கு முன்னாடி வரைக்கும்." கதவை விட்டுவிட்டு வண்டியருகே வந்தான். "விளையாடாத அக்கா."

"தப்புதான்டா. சொல்லிட்டுக் கழட்டியிருக்கணும். முதல்ல அந்த ரெண்டு பேரையும் திரும்பி வரச் சொல்லு. உன்கிட்ட ஒண்ணு காட்டணும்."

அவன் பேசி முடித்ததும், பழைய பெட்டியை உள்ளே மேசை மின்னிணைப்பில் சொருகி, வாகன விவரத்தைத் திறந்து அவன் முன்னால் வைத்தாள். தம்பி படித்தான். மறுபடி படித்தான். காது மடல் சிவந்தது.

"ஆபீஸ்ல புதுக் கருவி வந்தா எல்லாத்தையும் இப்படித்தான் பதிவோம்... கைப்பழக்கத்துல..."

சின்னவள் அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "அண்ணியே இருபத்தஞ்சு டன்னுன்னா, என்னை எத்தனை டன்னுன்னு போட்டு வெச்சிருக்கீங்க? சரக்கு ஏத்தினதுக்கு அப்புறமா, ஏத்துறதுக்கு முன்னாடியா?"

தம்பிக்கே சிரிப்பு வந்துவிட்டது. கண்ணாடிக்காரி புதிய கருவியை எடுத்து, நீர்த்தேக்கம் வரை போய்வந்த பச்சைப் பாதையை அவனுக்குக் காட்டினாள்.

"கருவி கூட்டிட்டுப் போச்சு. என் பேச்சு பேச்சுதான்," என்றான். "போயிட்டு வா. கடையை நானும் இவளும் பாத்துக்கறோம். ஆனா அக்கா, ஒண்ணுமே தெரியாம என்னால இருக்க முடியாது. இன்னிக்கு இருந்த மாதிரி இன்னொரு தடவ இருக்க முடியாது."

"தெரியும்டா. நான் சொல்லுவேன். நானா சொல்லுவேன், நீ எட்டிப் பாக்கக் கூடாது."

ஒரு மனிதன் தானாகக் கொடுக்கும் செய்தியில் அன்பு இருக்கிறது. அதே செய்தியை அவனிடமிருந்து நிமிடத்துக்கு ஒருமுறை பிடுங்கிக்கொண்டால் அங்கே கைதியும் காவலனுமே மிஞ்சுகிறார்கள். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் அன்று அந்த வீட்டில் ஒரு பொத்தானின் அளவுக்குச் சுருங்கியது. அழுத்தும் விரல் யாருடையது என்பதே கேள்வி.

திறந்த வானம் வேண்டும் என்பதால் மூவரும் வாசலுக்கு வந்தார்கள். கருவியில் மூன்று வாக்கியங்களை முன்கூட்டியே எழுதி வைக்கலாம். முதலாவதைக் கண்ணாடிக்காரி எழுதினாள்: நலம், இன்று இங்கே தங்குகிறேன். இரண்டாவதைச் சின்னவள் சொன்னாள்: தாமதமாகும், கவலை வேண்டாம். மூன்றாவதைத் தம்பி கெஞ்சி வாங்கினான்: எனக்கு உன் உதவி தேவை.

"யாருக்கு அனுப்பணும்னு கேக்குது," என்றாள் கண்ணாடிக்காரி.

தம்பி சட்டைப் பையிலிருந்து தன் தொலைபேசியை எடுத்தான்.

"உனக்கு இல்லடா. சின்னவளுக்கு."

"ஏன்? நான் என்ன பண்ணினேன்?"

"உனக்கு ஒண்ணு வந்தா ஒன்பது கேள்வி திருப்பி அனுப்புவ. அவ படிச்சுட்டு உனக்குச் சொல்லுவா. நீயும் நிம்மதியா இருப்ப, நானும் ரோட்டைப் பாத்து ஓட்டுவேன்."

அவன் முகம் வாடியது. ஆனால் மறுக்கவில்லை. குந்தி உட்கார்ந்து, காலையில் தான் கட்டிய ஒயரை வண்டியிலிருந்து பட்டை பட்டையாக அவிழ்க்கத் தொடங்கினான். சின்னவளுக்கு வேலை நேரம் வந்துவிட்டது. உள்ளே போய் ஜன்னலோர நாற்காலியில் அமர்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

கண்ணாடிக்காரி முதல் வாக்கியத்தைத் தேர்ந்து அழுத்தினாள். கருவி வானத்தைத் தேடியது. சிறிது நேரம் கழித்து ஜன்னலுக்குள் தொலைபேசி ஒலித்தது.

"வந்துருச்சு!" என்று உள்ளிருந்து கத்தினாள் சின்னவள்.

"அனுப்புறது சரியா இருக்கு," என்றான் தம்பி, நிமிராமலே. "பதில் வருதான்னும் பாத்துடு."

காத்திருந்தார்கள். ஒயர் முழுவதும் கையில் வந்து சேர்ந்தபோது, கருவி அவள் உள்ளங்கையில் அதிர்ந்தது. திரையில் பெரிய எழுத்தில் பதில் நின்றது.

*அண்ணி, உங்க வண்டியில பின்னாடி இன்னொரு ஆள் உக்காரலாமா? அவர்கிட்ட நான் இன்னும் சொல்லல.*

கண்ணாடிக்காரி ஜன்னலைப் பார்த்தாள். சின்னவள் யாரோ ஒரு முகம் தெரியாத மனிதனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள், உதடுகள் அசைந்தன. கண்கள் மட்டும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், வண்டியின் மேல் இருந்தன.

"என்ன அக்கா, பதில் வந்துச்சா?" என்று கேட்டான் தம்பி.

"வந்துச்சு," என்றாள் அவள்.

கட்டைவிரலுக்குக் கீழே மூன்று வாக்கியங்கள் தயாராக இருந்தன. அந்தக் கேள்விக்கு அவற்றில் ஒன்றுகூடப் பதில் இல்லை.